நாலடி நீளம், முக்காலடி ஆழம்

மங்காத்தா என் மகளை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, நான் பாதிக் கன்னம் சவரமும் பாதிக் கன்னம் சோப்பு நுரையுமாக உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த சாவகாசம். சமையலறையிலிருந்து மிளகு வறுக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது.

முதலில் கண்ணில் பட்டது ஒரு பின்னல். ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வாசற்படியில் விழுந்தது. அது ரோஸியின் பின்னல் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பயந்துக்காத சார், உசிரு கீது," என்றாள் மங்காத்தா.

இதைவிடப் பயமுறுத்தும் ஆறுதலை நான் கேட்டதில்லை.

மங்காத்தா நூம்பல் பக்கத்து ஏரிக்கரையில் மாட்டுக்குப் புல் அறுப்பவள். என் மனைவி ஆரோக்கியம் குழந்தையை வாங்கிக் குப்புறப் போட்டு முதுகைத் தேய்க்க, மங்காத்தா நடந்ததைச் சொன்னாள்.

"ரெண்டு பொட்டப் புள்ளைங்க கரைல நின்னுகினு கத்துதுங்க. இன்னாடான்னு ஓடியாந்து பாத்தா, இது தண்ணிக்குள்ள. கையைக் குடு, கையைக் குடுன்னு நான் கத்தறேன். உன் பொண்ணு சொம்பை நீட்டுது சார்! தலை உள்ளாற போவுது, சொம்பு மேல கீது. அதுக்குள்ள தம்மாத்தூண்டு மீனு!"

ரோஸி இருமினாள். கண்ணைத் திறந்தாள். "சொம்பு எங்கே?" என்றாள்.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. மூன்று வருஷம் ஓடிவிட்டது. இன்றும் பக்கத்து வீட்டுக் கிணற்றில் குடம் விழும் சத்தம் கேட்டால் என் பேனா நின்றுவிடுகிறது. ரோஸியோ அன்று சாயங்காலமே பொரி தின்றுகொண்டு பாண்டி ஆடினாள். இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் ஆரோக்கியம் கவனித்தாள், நான் இன்னும் பாதிச் சவரத்தோடு இருப்பதை.

டின்னில் முகம் தெரியாது

குற்றவாளி நான்தான். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

போன வாரம் என் சைக்கிளை ஐயப்பன்தாங்கல் நாய்கள் துரத்திய கதையை எழுதியிருந்தேன். அந்தச் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த தகர டின்னைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் சுகாதார இன்ஸ்பெக்டர். குமணன்சாவடியில் குடியிருந்துகொண்டு சுற்றுவட்டாரக் கிராமங்களின் கிணறு, குட்டை, சாக்கடை எல்லாவற்றையும் மேய்ப்பது என் உத்தியோகம். அந்த டின்னுக்குள் மீன்கள் இருக்கும்.

கொசுப் புழுவைத் தின்னும் மீன்கள். ஊரில் முண்டக்கண்ணி என்பார்கள். விரல் நீளம்கூட இராது. உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு ஒன்று மின்னும். ஏரியில் ஆள் வைத்துப் பிடித்து, டின்னில் ஊற்றி, பாழுங்கிணறுகளில் கொண்டுபோய் விடுவேன். சம்பளம் கேட்காத சிப்பந்திகள் என்று அவற்றை என் மேலதிகாரி வேடிக்கையாகச் சொல்லுவார்.

வழியில் வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கும்போது ரோஸி டின் மூடியைத் திறந்து பார்ப்பாள். நானும் பெருமையாக விட்டுவிடுவேன். ஒருநாள் கேட்டாள்: "அப்பா, இதுக்கெல்லாம் மூஞ்சியே இல்லையே?"

"மேலேயிருந்து பார்த்தால் முதுகுதான் தெரியும்."

"அப்ப எங்கேயிருந்து பாக்கணும்?"

"பக்கத்திலிருந்து," என்றேன். "தண்ணீருக்குள்ளிருந்து."

சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டேன். ஒரு சொம்பையும் இரண்டு தோழிகளையும் சேர்த்துக்கொண்டு ஏரிக்குப் போய், மீனின் மூஞ்சியைப் பார்க்கிறேன் என்று அவள் குனிந்தது அதற்கு அடுத்த ஞாயிறு.

இரு தரப்புப் பேச்சு

அடிக்கலாமா என்று யோசித்தேன். கை வரவில்லை. வீட்டில் பூட்டி வைக்கலாம் என்றால் பள்ளிக்கூடம் இருக்கிறது. கடைசியில் பேரம் பேசினேன்.

"ஏரிப் பக்கம் இனிமேல் போகமாட்டேன் என்று சொல். மீனின் மூஞ்சி தெரியும்படி வீட்டிலேயே கண்ணாடித் தொட்டி கட்டித் தருகிறேன்."

பட்டணத்தில் கடற்கரையோரம் அப்படித் தொட்டிகளில் மீன்களைக் காட்டுவதை அவளும் பார்த்திருக்கிறாள். உடனே ஒப்புக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளோ எழுந்து போய்க் கூடத்து ஜன்னலின் ஒரு ஓரத்தில் நின்று, அடி மேல் அடி வைத்து மறு ஓரத்துக்கு நடந்தாள்.

"இவ்வளோ நீளம் வேணும். மீனு ஓடணும். சும்மா திரும்பித் திரும்பி நிக்கக் கூடாது."

அளந்தேன். நாலடி.

"ஆழம் நான் சொல்வதுதான்," என்றேன். அவள் முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து அளந்தேன். ஒன்பது அங்குலம். குழந்தை தவறி விழுந்தாலும் எழுந்துவிடக் கூடிய ஆழம். கூடத்துத் தொட்டிக்குள் யார் போய் விழப் போகிறார்கள் என்று ஆரோக்கியம் கேட்டாள். அந்த வாரம் எனக்கு வாய் கொப்பளிக்கிற தண்ணீர்கூட ஆழமாகத்தான் தெரிந்தது.

"பாயாசம் ஊத்தற தட்டு மாதிரி இருக்கும்," என்றாள் ரோஸி.

"சம்மதமா, இல்லையா?"

"சம்மதம். பேச்சு பேச்சா இருக்கணும்."

"பேச்சு பேச்சுதான்."

கட்டில் தொட்டியான கதை

தொட்டி கட்டுவது எப்படி என்று சொல்லித்தர ஆளில்லை. சண்டைக் காலம் வேறு. இரும்பு கிடைக்காது, சீமைக் கண்ணாடி வரத்து நின்றுபோயிருந்தது. ஆனால் எங்கள் வீட்டுக் கொல்லையில் கால் ஒடிந்த இரும்புக் கட்டில் ஒன்று மழையில் கிடந்தது. அதன் இரு பக்கச் சட்டங்களும் மூலை மடிந்த பட்டை இரும்பு. கண்ணாடியை உள்ளே உட்கார வைக்க அதைவிட வேறென்ன வேண்டும்?

ரோஸியையும் கட்டிலையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கொல்லர் கன்னியப்பனிடம் போனேன். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுகிறவர். அளவுச் சீட்டை ஒரு சிறுவனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார் அளவு இது? நாலடி நீட்டு, ஓரடி அகலம், முக்காலடி ஒசரம். உங்க கோயில்ல சின்னப் புள்ள செத்தா அடிப்பாங்களே பொட்டி, அந்த அளவு கீது."

அவருக்கு ஒன்றும் தெரியாது. பாவம், தமாஷாகத்தான் சொன்னார்.  வேண்டாம், திரும்பிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

"மீனு படுக்கறதுக்கு இல்ல தாத்தா, ஓடறதுக்கு," என்றாள் ரோஸி.

"தாத்தாவா? ஏம்மே, எனக்கு இன்னா வயசுன்னு நெனச்சுகினே? அண்ணாத்தேன்னு கூப்புடு, செஞ்சி தரேன்."

"தாடி வெள்ளையா கீதே?"

"அது சாம்பல்மே!"

'கீதே' என்று என் மகள் சொன்னதை வீட்டில் போய்ச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின தமிழ் இப்படிக் கெடுகிறதே என்று ஆரோக்கியம் வருத்தப்படுவாள்.

கன்னியப்பன் சட்டத்தை அறுத்து மூலைகளில் ஆணி தறைந்து நான்கே நாளில் கூடு செய்துவிட்டார். அடிக்குக் கடப்பைக் கல். கண்ணாடி பூந்தமல்லிக் கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போடுகிறவரிடம் கிடைத்தது. மூடிப்போன மிட்டாய்க் கடை அலமாரியின் கண்ணாடி. அதன் ஓரத்தில் பழைய சர்க்கரைப் பாகு ஒட்டியிருந்ததை ரோஸி நக்கிப் பார்த்து, லட்டு என்று தீர்ப்புச் சொன்னாள். எனக்கு அன்று ராத்திரி முழுவதும் அவள் வயிற்றைப் பற்றியே கவலை.

கண்ணாடியை ஒட்டும் லப்பம் நானே பிசைந்தேன். வெள்ளைச் சுண்ணத் தூளும் ஆளிவிதை எண்ணெயும். சப்பாத்தி மாவு பதம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பதம் எனக்கு எங்கே தெரியும்? ஆரோக்கியம் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தள்ளுங்க," என்று என் கையிலிருந்து பிடுங்கினாள். தொட்டி வேண்டாம் என்று முதலில் சொன்னவள் அவள்தான். அவள் பிசைந்த லப்பம் பட்டுப்போல் வந்தது. சட்டத்தின் உட்புறம் நெடுகப் பூசி, கண்ணாடியை வைத்து, மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினோம். மிச்ச லப்பம் ஓரங்களில் பிதுங்கி வந்தது. ரோஸி அதை உருட்டிக் கோழி செய்தாள்.

ஒரு கன அடித் தண்ணீர் அறுபத்திரண்டு ராத்தல் கனம்; தொட்டிக்கு மூன்று கன அடி. கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் எந்த மேஜையும் தாங்காது. ஜன்னலோரம் இரண்டு செங்கல் தூண் எழுப்பினேன். ரோஸியை நிற்க வைத்து, கண் மட்டத்தில் சுவரில் கரிக்கோடு கிழித்து, அந்த உயரத்துக்குக் கட்டினேன்.

தெருவுக்கு நல்ல வேடிக்கை

லப்பம் காய இரண்டு வாரம். பிறகு முதல் தண்ணீர் விட்டோம். மூன்று மூலைகள் யோக்கியமாக நின்றன. நான்காவது மூலை அழுதது. துடைத்து, காயவிட்டு, மறுபடி பூசி, மறுபடி விட்டு... இப்படி மூன்று முறை.

அதற்குள் விஷயம் தெருவெல்லாம் பரவிவிட்டது. பரவாமல் என்ன செய்யும்? வீடு வீடாகப் போய், மூடாத அண்டாவைக் கவிழ்க்கச் சொல்லி அதட்டுகிறவன் நான். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிச் சத்தமாகவே சொன்னாள்:

"நம்ம ஊட்டு அண்டாவை எல்லாம் கவுத்துட்டு, இன்ஸ்பெட்டரு அவரு ஊட்ல கொளம் வெட்டிகினு கீறாரு! கொசு இன்னா, உத்தியோகம் பாத்து ஊட்ல பூருமா?"

"மீன் விடப் போறோம் அக்கா, கொசு வராது," என்றாள் ஆரோக்கியம்.

"அப்ப என் அண்டாவுக்கும் ரெண்டு மீனு குடு. நான் கவுக்க மாட்டேன்."

நியாயமான கோரிக்கை. சட்டத்தில்தான் அதற்கு இடமில்லை. உள்ளே வந்து நான்காவது மூலையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

இரண்டு பட்டியல்

இப்போது என் தொழிலைப் பற்றி ஒன்று சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும்.

என்னிடம் கிணறுகளுக்கு இரண்டு பட்டியல் உண்டு. குடிக்கிற கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடர். காலராக் கிருமி சாகும். குடிக்காத கிணறுகளுக்கு மீன். கொசுப் புழு தீரும். மருந்து போட்ட கிணற்றில் மீன் விடக்கூடாது, மீன் விட்ட கிணற்றில் மருந்து போடக்கூடாது. இது எங்கள் இலாகாவில் கடைநிலைச் சிப்பந்திக்கும் தெரியும். பதினாறு வருஷத்தில் ஒரு கிணற்றைக்கூட நான் பட்டியல் மாற்றிப் போட்டதில்லை.

தொட்டி ஒழுகாமல் நின்ற அன்று காலை, பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரண்டு பேருக்கு வாந்திபேதி என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். நான் தொட்டிக்குக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தேன். ரோஸி உள்ளே கையை விட்டு அளைந்தாள். அந்தக் கையாலேயே வாயைத் துடைத்துக்கொண்டாள்.

அதைப் பார்த்தேன். மூளை நின்றுவிட்டது. உள்ளே போனேன், பவுடரை எடுத்தேன், கரைத்து ஊற்றினேன், குச்சியால் கலக்கினேன். எல்லாவற்றையும் கை தன்பாட்டுக்குச் செய்தது. இனி இந்தத் தண்ணீர் குழந்தையை ஒன்றும் செய்யாது என்று அரை மணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். பிறகு டின்னைத் திறந்து பன்னிரண்டு முண்டக்கண்ணிகளையும் அதற்குள் விட்டேன்.

ரோஸி கண்ணாடியில் மூக்கை ஒட்ட வைத்தாள்.

"அப்பா, மூஞ்சி! வாய் மேலாப்பல இருக்குப்பா. கோவமா இருக்கிறாப்பல இருக்கு!"

மீன்கள் நாலடியையும் ஓடின. முட்டித் திரும்பி, மறுபடி ஓடின. என்ன சுறுசுறுப்பு என்று நான்கூட வியந்தேன். சிறிது நேரத்தில் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. பிறகு இன்னொன்று. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பன்னிரண்டும் தண்ணீர் மேல் ஒருக்களித்துக் கிடந்தன.

ரோஸி அழவில்லை. மிச்சச் செங்கல்களை அடுக்கி மேலே ஏறி நின்று, குனிந்து தண்ணீரை முகர்ந்து பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்து என் சட்டையில் வீசுகிற வாசனை அது. தெரியாமல் இருக்குமா?

"மருந்து போட்டியாப்பா?"

தானாகச் செத்துப்போயின என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

"ஆமாம்," என்றேன்.

"ஏம்பா?"

"உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று."

 அவள் செங்கல்லிலிருந்து இறங்கினாள். "அப்ப பேச்சு முடிஞ்சிடுச்சு," என்றாள்.

'இன்னும் இல்லை'

முடிந்துவிட்டது என்றால் என்ன பொருள் என்று இருவருக்கும் தெரியும். பேச்சை முறித்தவன் நான்; மூஞ்சியையும் அவள் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளை ஏரியிலிருந்து தடுத்து நிறுத்த என்னிடம் ஒரு பேரமும் இல்லை.

அடுத்த மூன்று நாளும் பள்ளிக்கூடத்துக்கு நானே சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். சாயங்காலம் என்னால் போக முடியவில்லை. வாந்திபேதிக் கிராமத்தில் வேலை. இருட்டுவதற்குள் திரும்பி வந்து முதலில் அவள் பாவாடை விளிம்பைத் தொட்டுப் பார்ப்பேன். ஈரமில்லை.

"ஏரிக்குப் போனாயா?"

"இன்னும் இல்ல."

பொய் சொல்லத் தெரியாத பெண். அந்த 'இன்னும்' காதில் விழுந்ததும் மறுபடி ஒருமுறை பாவாடை விளிம்பைத் தொட்டுப் பார்ப்பேன்.

நாலாவது நாள் ஆரோக்கியம் சொன்னாள்: "ஊர்க் கிணத்துக்கெல்லாம் நீங்க மருந்து போடலாம். ஏரிக்குப் போட முடியாது. பேசாம அந்தப் புல்லறுக்கிற பொம்பளையைப் போய்ப் பாருங்க. அவளுக்குத்தான் நீச்சல் தெரியும்."

மறுநாள் போனேன். மங்காத்தா அறுத்த புல்லைக் கட்டிக்கொண்டிருந்தாள். என் மகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"அத்த இஸ்துகினு வரும்போதே நெனச்சேன் சார். காலை நல்லா ஒதைக்குது. ஒனக்குத் தெரியுமா நீச்சலு?"

"தெரியாது."

"ஏரி ஏரியா சுத்தற, நீச்சல் தெரியாதா?" வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப பொண்ணு முழுகினா கரைல நின்னுகினு இன்னா பண்ணுவ? நோட்டீஸ் குடுப்பியா? ரெண்டு பேரும் வாங்க."

சுரைக்குடுக்கை

இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கைகளைக் கட்டிக்கொண்டு, உத்தியோகக் காக்கி நிஜாரோடு, நாற்பத்திரண்டு வயதில் ஏரியில் மிதந்த ஒரு சுகாதார இன்ஸ்பெக்டரை நூம்பல் ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். காலை வேளைகளில் கரையில் கூட்டமே கூடும். மாடு கழுவ வந்தவர்கள் மாட்டை மறந்து நிற்பார்கள்.

"நைனா, காலை ஒதை! சைக்கிள் மிதிக்கறாப்ல மிதிக்காத, எங்கியும் போவமாட்ட!" மங்காத்தா வாயில் சார் என்பது தண்ணீரில் நனைந்து நைனா ஆகிவிட்டது.

ரோஸி ஐந்தாம் நாள் குடுக்கையைக் கழற்றிவிட்டாள். எனக்கு மாதக் கடைசிவரை மூன்று குடுக்கை.

போகும்போதெல்லாம் டின்னில் ஏரித் தண்ணீரையும் வேலம்பாசியையும் கொண்டுவந்தோம். தொட்டியை மூன்று தடவை கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, அதை ஊற்றினோம். அதில் விட்ட ஒன்பது மீன்களில் ஒன்றும் சாகவில்லை, குஞ்சுகூடப் பொரித்துவிட்டன. இதை எழுதும்போதும் அவற்றின் வம்சம் பக்கத்தில்தான் இருக்கிறது. எதிர்வீட்டு அண்டாவுக்கும் இரண்டு போயிற்று.

ஒரு நாள் காலை. நான் குடுக்கை இல்லாமல் முதல் தடவையாக மார்பளவுத் தண்ணீரில் நின்றேன். கால் விரல்களுக்கிடையில் சேறு வழுக்கியது. ரோஸி எனக்கு இரண்டு ஆள் நீளம் தள்ளி, கால் எட்டாத தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தாள். நான் ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"வராதப்பா," என்றாள். "அங்கேயே நில்லு. இதுக்கு மேல ஒனக்கு ஆழம்."

நின்றேன்.

அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். வட்டம் வட்டமாக அலை வந்து என் மார்பில் மோதியது. எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மங்காத்தா கரையிலிருந்து என்னவோ சொன்னாள், காதில் விழவில்லை. ஐந்து, ஆறு, ஏழு. ஏழுக்கு அப்புறம் என்ன எண் என்று எனக்கு மறந்துபோயிற்று. தண்ணீர் கண்ணாடிபோல் அடங்கிவிட்டது. மறுபடி ஏழு என்றேன். ஏழு.

நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் அவள் எழவில்லை. என் முதுகுக்குப் பின்னால், கரைப் பக்கமாக, தண்ணீர் பிளந்து, ரோஸி உரக்க மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.